கீழ்த்தளத்துப் பிள்ளைகள்

டுலூத் துறைமுகம்
1997 ஏப்ரல் 14

தங்கை தக்கியாவுக்கு அண்ணன் காயித் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். குளிர்காலத்தில் கப்பல் கட்டிக் கிடந்தபோது உன் வீட்டில் தின்று ஏற்றிய உடம்பெல்லாம் இதற்குள் இறங்கிவிட்டது. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை மறக்காதே.

சுக்கான் பிடிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. முன்பு இந்த அமெரிக்க ஏரிகளில் ஓடும் ஒவ்வொரு இரும்புத்தாதுக் கப்பலிலும் நம் ஏமன் ஆட்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். இப்போது இந்தக் கப்பலில் அரபி தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வாய்த்த கூட்டாளி ஹெய்க்கி என்கிற ஃபின்லாந்துக்காரன். அவன் மகன் காலேஜில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் ஓடிவந்து பெட்ரோல் பங்கில் நிற்கிறான். நான் ஹெய்க்கியிடம் தினமும் சொல்கிறேன்: "டிசம்பர்ல எம் பொண்ணு அர்வா இன்ஜினியர். தாயில்லாப் பொண்ணு, தகப்பன் வருஷத்துல ஒம்பது மாசம் தண்ணில. இருந்தும் பார்த்தியா?" அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

நீ வேலை பார்க்கும் காலேஜில்தான் அவளும் படிக்கிறாள். அவள் மார்க்கையெல்லாம் எடுத்து எழுதி அனுப்பு. நீ பாடம் நடத்துகிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்கு உனக்குச் சம்பளம். அதைக்கூட ஒருத்தி சொல்லித் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் எதற்குக் காலேஜுக்கு வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. போகட்டும், அந்த நாற்காலியால் இந்த ஒரு உபகாரமாவது நடக்கட்டும்.

உன் நலம் நாடும்
காயித்

&nbsp;

டியர்போர்ன்
1997 மே 3

அண்ணன் காயிதுக்குத் தக்கியாவின் ஸலாம்.

மாடி ஏறினால்தான் எனக்கு மூச்சிரைக்கிறது. என் அறை கீழ்த்தளத்தில், கொதிகலன் குழாய்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. உன் முழங்கால் வலி எப்படி?

போன வாரம் எங்கள் டீன் போட்டோக்காரரோடு கீழே இறங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறை. "ஒவ்வொரு மாணவரும் ஒரு வெற்றி" என்று ஒரு பேனர் கட்டினார்கள். அதன் கீழே நான்கு பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்கப்பா, ஏழ்மையா தெரியக்கூடாது" என்றார் அந்த மகான். படம் எடுத்து முடிந்ததும் என்னிடம், "சாயங்காலம் பாடம் சொல்லித்தர்ற ஆளுக்கு அடுத்த வருஷம் காசு இல்ல தக்கியா" என்றார். பேனருக்கு மட்டும் இருந்திருக்கிறது.

என் வேலையைக் கேலி செய்தாய். உன் மூளைக்கு எட்டுகிற மாதிரிச் சொல்கிறேன். சில பாடங்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இரண்டு தடவை தோற்றால் டீனிடம் மன்றாடித்தான் மூன்றாவது தடவை உட்கார முடியும். அதிலும் தோற்றால் அந்தப் படிப்பே அவ்வளவுதான். படித்த அப்பன் இருக்கும் வீட்டில் இதைச் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன்.

மார்க் சமாச்சாரம்: பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளை கையெழுத்திட்டுச் சம்மதிக்காமல் பெற்ற தகப்பனுக்கும் அதைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. சொன்னால் என் வேலை போகும். அவளிடமே கேள்.

உன் தங்கை
தக்கியா

&nbsp;

ஹியூரான் ஏரி
1997 மே 22

தக்கியாவுக்கு,

ஸலாம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் வாளியில் ஏறி வந்தது. தபால் படகுக்காரன் கயிற்றில் கட்டி அனுப்பியதை ஹெய்க்கிதான் இழுத்துக் கொடுத்தான். "தங்கச்சி என்ன எழுதியிருக்கா, பொண்ணு மார்க்கா?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல? எங்கள் குடும்பத்தில் அத்தைக்காரி சட்டம் பேசுகிறாள் என்றா?

என் பணத்தில் படிக்கிறாள், என் வீட்டில் இருக்கிறாள். அவள் மார்க் எனக்கு ரகசியமாம். துறைமுகத்திலிருந்து அவளுக்கு போன் செய்தேன். "நல்லா போகுது வாப்பா, ஒன்னும் கவலப்படாதீங்க" என்றாள். அவள் பேச்சிலேயே படிப்பு தெரிகிறது. உன் பேனர் அடியில் பல்லைக் காட்டும் கூட்டம் வேறு, என் மகள் வேறு. அவளை அந்தக் கீழ்த்தளத்துப் பக்கம் வரவிடாதே. பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள்.

டிசம்பருக்குக் கேக் செய்ய இப்போதே கப்பல் சமையல்காரனிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

காயித்

&nbsp;

டியர்போர்ன்
1997 ஜூன் 19

அண்ணனுக்கு,

ஸலாம். உன் வீட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தை ஆள் வைத்து அடைத்துவிட்டேன். அர்வா வெள்ளிக்கிழமைதோறும் இங்கே வந்து சாப்பிடுகிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

என் அறைக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் படிக்கிறாள். தெர்மோடைனமிக்ஸில் இரண்டு தடவை தோற்றுவிட்டாள். முன்வாசல் வழியாக வரமாட்டாள். குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்படிக்கட்டில் இறங்கி வருவாள். ஏன் என்று கேட்டால், "இங்க வர்றது தெரிஞ்சா வீட்ல மதிக்க மாட்டாங்க" என்கிறாள். முதல் தடவை தோற்றபோதே சொல்லியிருந்தால் அப்போதே வழி பார்த்திருக்கலாம். வெட்கத்தில் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவள் மூன்றாவது தடவை உட்கார டீனிடம் போய் நின்றேன். அவர் அவள் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பரில் அந்தப் பாடம் தொடங்குகிறது. அவளைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? உன் அபிப்பிராயத்தை நான் மதிப்பதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தக்கியா

&nbsp;

டொலீடோ
1997 ஜூலை 11

தக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கூரை வேலைக்கு அல்லாஹ் உனக்கு நன்மை தரட்டும்.

கேட்டாய், சொல்கிறேன். இரண்டு தடவை தோற்றவள் மூன்றாவது தடவையும் தோற்பாள். படிப்பு ஏறாத தலையில் ஆணி வைத்து அடித்தாலும் ஏறாது. ஒரு நல்ல பிள்ளை உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். பேக்கரியில் ரொட்டி விற்கப் போகச் சொல். அவளைப் பெற்றவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவன் ஊரில் என்னென்ன பெருமை பேசிக்கொண்டிருக்கிறானோ. என் மகளாக இருந்தால் நான் வெளியில் தலை காட்ட மாட்டேன்.

உன் கடிதத்தை ஹெய்க்கிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாவம்ப்பா, அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப வர்றாளே" என்றான். அவன் அப்படித்தான் பேசுவான். அவன் வளர்த்த லட்சணம் பெட்ரோல் பங்கில் நிற்கிறது.

காயித்

&nbsp;

டியர்போர்ன்
1997 ஆகஸ்ட் 15

அண்ணனுக்கு,

ஸலாம். நலம்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் கப்பல் மேல்நோக்கிப் போகும்போது இரண்டு ஏரிகளுக்கு நடுவே உள்ள ஸூ மதகில் நிற்கும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். மதகுக்குள் தண்ணீர் ஏறும்வரை கப்பல் சுவரோரம் நிற்குமே, அப்போது நீ வெளியே கம்பியோரம் நில். நானும் அர்வாவும் காரில் வருகிறோம். அவள் உன்னிடம் பேச வேண்டுமாம். போனில் முடியாதாம்.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

தக்கியா

&nbsp;

டுலூத்
1997 செப்டம்பர் 4

தக்கியாவுக்கு,

ஸலாம்கூட எழுத மனமில்லை. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

நன்றாகத் திட்டம் போட்டிருக்கிறாய். நான் இறங்கி ஓட முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டிவந்திருக்கிறாய். சுற்றுலா வந்தவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்க, கப்பல் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கம்பியோரம் நிற்க, அவள் சுவரில் நின்று கத்துகிறாள்: "வாப்பா, தெர்மோல ரெண்டு தடவ ஃபெயிலு. அத்தையோட கீழ்த்தள ரூமுக்குத்தான் இவ்ளோ நாளா போறேன். டிசம்பர்ல பட்டம் கிடைக்குமான்னு தெரியாது. மூணாவது தடவ உட்காரப் போறேன். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்." நல்லவேளையாக அரபியில் கத்தினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேலை இருந்தது, உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வருஷமாக என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறீர்கள். அவள் சின்னப் பெண். உனக்கு எங்கே போயிற்று புத்தி? சட்டமாம், விதியாம். இனி எனக்கு எழுதாதே.

காயித்

&nbsp;

டியர்போர்ன்
1997 செப்டம்பர் 13

காயிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் உன் கப்பல் சமையல்காரன் இல்லை.

"நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுவருக்கும் உன் கப்பலுக்கும் நடுவே என்ன தூரம் இருக்கும்? கப்பல் மேலே ஏற ஏற உன் முகம் எங்களுக்கு நேரே வந்துவிட்டது. உன் பக்கத்தில் நின்ற வெள்ளை முடிக்காரன், அவன்தான் ஹெய்க்கியாக இருக்க வேண்டும், "யாரது, என்ன சொல்றா?" என்று கேட்டான். நீ இங்கிலீஷில் சொன்னாய்: "யாருன்னு தெரியல. ஏதோ வழி கேக்குறா." சொல்லிவிட்டு முதுகைக் காட்டினாய். எனக்கே கேட்டது. அர்வாவுக்கு இருபத்துமூன்று வயதுக் காது.

உன்னைக் கோழை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கோழைக்குக்கூடப் பயப்பட ஒரு காரணம் இருக்கும். பெட்ரோல் பங்கில் மகனை வைத்திருக்கும் ஒருவன் சிரித்துவிடுவானே என்று நீ பெற்றவளைத் தெரியாது என்றாய்.

இன்னொன்றும் தெரிந்துகொள். ரொட்டி விற்கப் போகச் சொல் என்று நீ எழுதிய கடிதம் என் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை அவள் எடுத்துப் படித்துவிட்டாள். அதைப் படித்த பிறகும்தான், "நானே போய் வாப்பாட்ட சொல்றேன்" என்று ஐந்து மணி நேரம் காரில் வந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். திரும்பும்போது பின்சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம். அவள் ஒருநாளும் போகவில்லை. உன் வீட்டுக் கதவைத் தட்டினால் "தலைவலி அத்தை" என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் பேராசிரியர் பெயரை அடித்துவிடுவார். அதுவும் தோல்விக் கணக்குதான், பிறகு அவள் ஒருக்காலும் இன்ஜினியர் ஆக முடியாது. என் பேச்சு இப்போது எடுபடவில்லை. உன் கையால் இரண்டு வரி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, திட்டியாவது எழுது. மகள் என்று கூப்பிட்டு எழுது.

தக்கியா

&nbsp;

டியர்போர்ன்
1997 நவம்பர் 9

காயிதுக்கு,

ஸலாம். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதைக் கம்பெனி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த மாதம் மேல் ஏரியில் புயல் அதிகம் என்கிறார்கள். சூதானமாக இரு.

என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை. முதலில் அர்வா தினமும் தபால்பெட்டியைப் பார்த்தாள். இப்போது பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் உன் பேச்சு வந்தால் எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுகிறாள்.

அவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். நீயும் காரணமில்லை, நானும் காரணமில்லை. டெனிஷா என்று ஒரு பெண், ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டு படிக்கிறவள், இதே பாடத்தில் ஒருமுறை தோற்றுப் பிறகு தேறியவள். அவள் உன் வீட்டுக்கே போய், "நீ வரலேன்னா நான் மட்டும் அந்தக் கொதிகலன் பக்கத்துல உக்காந்து யார்கூடச் சண்ட போடுறது? கிளம்புடி" என்று இழுத்துவந்தாள். தினமும் சாயங்காலம் என் அறையில் இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறார்கள். டீன் காசில்லை என்று நிறுத்திய வேலையை ஒரு தரை துடைப்பவள் சும்மா செய்கிறாள். டீன் அடுத்த பேனருக்கு வாசகம் தேடிக்கொண்டிருக்கிறார்.

அர்வா இப்போது முன்வாசல் வழியாகத்தான் வருகிறாள்.

பரீட்சை டிசம்பர் முதல் வாரம். எழுதச் சொல்லி இனி உன்னிடம் கேட்க மாட்டேன்.

தக்கியா

&nbsp;

டியர்போர்ன்
1997 டிசம்பர் 11

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

பாஸாகிவிட்டேன். 'சி' கிரேடு. அதற்குக் கீழே ஒரு படி இறங்கியிருந்தால் தோல்வி. பேராசிரியர் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்ததை டெனிஷாதான் முதலில் பார்த்தாள். நான் அழுதேன், அவள் என்னைத் திட்டினாள்.

இருபதாம் தேதி சனிக்கிழமை பட்டமளிப்பு. இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். ஒன்று அத்தைக்கு. இன்னொன்று டெனிஷாவுக்கு. உங்களுக்கு இல்லை. மறந்துபோனதாக நினைக்காதீர்கள், யோசித்துத்தான் செய்தேன்.

நீங்கள் இன்ஜினியரின் தகப்பனாக இருக்க ஆசைப்பட்டீர்கள். நான் இன்ஜினியர் ஆகாமல் போய்விடுவேனோ என்று தெரிந்த அன்றைக்கு என்னை யாரென்று தெரியாது என்றீர்கள். இப்போது தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஹெய்க்கி அங்கிளிடம் நான் பட்டம் வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கேக்கை நீங்களே வெட்டுங்கள். வீட்டுச் சாவியை அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். ஜனவரியில் எனக்கு கிளீவ்லாந்தில் வேலை.

உங்கள் முழங்காலுக்கு மருந்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அர்வா

&nbsp;

டெட்ராய்ட் நதி
1997 டிசம்பர் 16

தங்கை தக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூச்சிரைப்பு எப்படி? குளிரில் வெளியே நிற்காதே.

உன் வேலையைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அதைப் பேச இப்போது நேரமில்லை. தபால் படகு கீழே காத்திருக்கிறது, அவர்கள் வாளியை ஆட்டுகிறார்கள்.

அர்வாவின் கடிதம் போன துறைமுகத்தில் வந்தது. சாப்பாட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். ஹெய்க்கி வழக்கம்போல, "என்ன, பொண்ணு பாஸா?" என்றான். "பாஸு. சி கிரேடு. மூணாவது தடவ" என்றேன். ஒருவனும் சிரிக்கவில்லை. ஹெய்க்கி கேட்டான்: "அப்ப அன்னிக்கு மதகுல நின்னு கத்துச்சே ஒரு பொண்ணு?"

"எம் பொண்ணு" என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "எம் பையன் நாலு வருஷமா எனக்கு போன் பண்றதில்ல" என்றான். "அவன் ஒரு தடவ அந்தச் சுவத்துல வந்து நின்னு, ஃபெயிலாயிட்டேன் அப்பான்னு கத்தியிருந்தா, நான் கம்பியத் தாண்டி குதிச்சிருப்பேன்." அப்புறம் எழுந்து போய்விட்டான். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. இத்தனை வருஷம் இந்த ஆளையா நான் மட்டமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் செப்டம்பர்க் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். 'மகளே' என்று எழுதியதும் கை நின்றுவிடும். அந்த வார்த்தைக்கு அப்புறம் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பல தடவை உட்கார்ந்தேன்.

கேப்டனிடம் கேட்டு இரண்டு நாள் லீவு வாங்கியிருக்கிறேன். அதுவரை கப்பல் டொலீடோவில் நிற்கும், பதிலை அங்கே அனுப்பு; சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். எனக்காக டிக்கெட் கேட்காதே. டெனிஷாவிடமும் கேட்காதே, அது அவளுக்குரியது. நான் உள்ளே வரமாட்டேன். நான் வருவது அர்வாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வேறு வழியாகப் போய்விடுவாள்.

எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வெளியே வருவார்கள்? அதை மட்டும் எழுது.

காயித்